கிம்லியில் ஐஸ்லாந்துத் திருவிழா

வெள்ளி

கனடாவின் மானிடோபா மாகாணத்தில் ஆகஸ்ட் முதல் திங்கள்கிழமை விடுமுறை. அந்த நீண்ட வார இறுதியில் வினிப்பெக்கில் பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். ஐஸ் பெட்டியும் மடக்கு நாற்காலியுமாக ஏதாவது ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள். இந்தத் தடவை நாங்களும் கிளம்பிவிட்டோம். நான், கணவர், கோடைக்கு எங்களோடு இருக்க வந்திருக்கும் அப்பா. ஊர் கிம்லி.

எட்டாம் எண் நெடுஞ்சாலையில் நேர் வடக்கே ஒரு மணி நேரம். வழி முழுக்கத் தட்டை வயல். கனோலாப் பூ உதிர்ந்து காய் பிடித்துவிட்டது; கோதுமை நிறம் மாற ஆரம்பித்திருக்கிறது. பார்க்க வேறெதுவும் இல்லாததால் திருவிழாவின் தலபுராணத்தை அப்பாவுக்குக் காரிலேயே சொல்லி முடித்தேன்.

ஐஸ்லாந்து அப்போது டென்மார்க் மன்னரின் ஆளுகையில் இருந்தது. அங்கே மனிதர்கள் குடியேறி ஆயிரம் ஆண்டு நிறைந்ததை 1874-இல் கொண்டாடினார்கள். அந்த வருஷம் மன்னர் ஒன்பதாம் கிறிஸ்தியான் அவர்களுக்கென்று ஓர் அரசியல் சட்டம் கொடுத்தார். அதன் நினைவாக ஆகஸ்ட் 2-ஆம் தேதியைப் பிடித்துக்கொண்டு, வினிப்பெக்கில் குடியேறியிருந்த ஐஸ்லாந்துக்காரர்கள் 1890-இல் ஒரு விழா எடுத்தார்கள். 1932-இல் விழா கிம்லிக்கு இடம் மாறியது. இன்றுவரை நடக்கிறது. அவர்கள் மொழியில் பெயர் இஸ்லெண்டிங்கதாகுரின். நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்று மற்றவர்கள் எல்லாரும் ஐஸ்லாண்டிக் ஃபெஸ்டிவல் என்றே சொல்கிறோம்.

"அப்ப இங்க எல்லாரும் வைக்கிங்கா?" என்றார் அப்பா. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இந்த வார இறுதி முழுக்க வேண்டியிருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஊருக்குள் நுழையுமுன் தெற்கே வில்லோ பாயிண்ட் என்ற இடத்தில் நிறுத்தினோம். ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்திட்டு. நாணலும் வில்லோப் புதர்களும். அங்கே வெள்ளைப் பாறை என்று ஒன்று. 1875 அக்டோபர் 21-ஆம் தேதி, சிவப்பாற்றில் தட்டைப் படகுகளில் இறங்கி வந்தவர்களை ஹட்சன் பே கம்பெனியின் நீராவிப் படகு ஏரிக்குள் இழுத்துவந்து, இந்த இடத்தில் விட்டுப் போயிற்று. இருநூற்றுச் சொச்சம் பேர். வந்து இறங்கியவுடனே ஒரு பெண் இந்தப் பாறையின் ஒதுக்கில் ஆண் குழந்தை பெற்றாள் என்பது ஊர் வரலாறு. அக்டோபர் கடைசி வாரம் மானிடோபாவில் எப்படி இருக்கும் என்று இங்கே ஓர் இலையுதிர்காலம் இருந்தவர்களுக்குத் தெரியும். எனக்கு அந்தப் பெண்ணை நினைத்ததும் முதுகில் குளிர் ஏறியது. இத்தனைக்கும் வெளியே 27 டிகிரி.

ஏரி பழுப்பாக இருந்தது. வினிப்பெக் ஏரி பரப்பில் 24,500 சதுர கிலோமீட்டர். ஆனால் சராசரி ஆழம் 12 மீட்டர்தான். ஆழம் குறைவென்பதால் காற்று கொஞ்சம் கிளம்பினாலும் அலை சட்டென்று எகிறிவிடும். "எதிர்க்கரையே தெரியலையேம்மா" என்று அப்பா கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

தங்கியிருக்கும் வீடு கடற்கரைக்கு, இல்லை, ஏரிக்கரைக்கு நாலு தெரு தள்ளி. இரவு பூங்காப் பக்கமிருந்து பாட்டுச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. கணவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "எல்லாரும் கொம்பு வைத்த பிளாஸ்டிக் தொப்பி போட்டுக்கிட்டு பீர் குடிக்கிறாங்க" என்பது அவர் அறிக்கை.

சனி

காலையில் முதல் வேலையாக அந்தக் கொம்பின் மூலவரைப் பார்க்கப் போனோம். ஏரிக்கரையில் பதினைந்து அடி உயர வைக்கிங் சிலை. கனடாவின் நூற்றாண்டு வருஷமான 1967-இல் வைத்தது. திறந்து வைத்தவர் அப்போதைய ஐஸ்லாந்து ஜனாதிபதி ஆஸ்கெய்ர் ஆஸ்கெய்ர்சன். தலையில் கொம்பு வைத்த கவசம், முகத்தில் தாடி. முன்னால் படம் எடுக்க வரிசை.

உண்மையில் வைக்கிங்குகள் கொம்புக் கவசம் அணிந்ததற்குச் சான்றே இல்லை. நார்வேயில் கிடைத்த அந்தக் காலக் கவசம் கொம்பில்லாத இரும்புத் தொப்பிதான். கொம்பு பிரபலமானது ஜெர்மனியில். 1876 ஆகஸ்டில் பைராய்த் நகரில் வாக்னரின் பெரிய ஓபரா வரிசை மேடையேறியபோது, உடை வடிவமைத்த கார்ல் எமில் டோப்ளர் பாத்திரங்களுக்குக் கொம்பும் சிறகும் வைத்த கவசங்களை மாட்டிவிட்டார். அதிலிருந்து உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது. அந்த 1876-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வரும்.

சிலைக்குப் பக்கத்துப் புல்வெளியில் வைக்கிங் கிராமம். பல ஊர்களிலிருந்து வந்த வரலாற்று ஆர்வலர்கள் கூடாரம் போட்டு, கம்பளி உடையில், அந்தக் காலத்து முறையில் சமைத்து, தூங்கி, வேலை செய்துகாட்டுகிறார்கள். இவர்கள் யார் தலையிலும் கொம்பு இல்லை என்பதைக் கவனித்தேன். ஒருவரிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் பீர் கூடாரத்துக்கு" என்று சிரித்தார். கேடயத்தை இடைவெளி இல்லாமல் சேர்த்துப் பிடித்து இரண்டு அணிகள் மோதும் சண்டைக் காட்சிதான் கூட்டத்தை இழுக்கிறது. மரக் கேடயத்தில் ஈட்டிக் காம்பு இடிக்கும் சத்தம் நன்றாகவே இருந்தது. ஆனால் அப்பா அதில் இல்லை.

அவர் கூட்டமே இல்லாத ஒரு கூடாரத்தில் உட்கார்ந்துவிட்டார். அங்கே நடுவயதுப் பெண் ஒருவர் அட்டை நெசவு செய்துகொண்டிருந்தார். தறி கிடையாது. உள்ளங்கை அளவு சதுர மரத் துண்டுகள், நாலு மூலையிலும் துளை, துளைக்கொரு நூல். நூல்களின் ஒரு முனை கம்பத்தில், மறுமுனை அவர் இடுப்புக் கச்சையில். அந்தத் துண்டுகள் எல்லாவற்றையும் சீட்டுக்கட்டு போல் ஒன்றாகப் பிடித்துக் கால் சுற்றுத் திருப்புகிறார். பாவு நூல் மேலும் கீழுமாக இடம் மாறி நடுவே வழி விடுகிறது. அதில் ஊடையைச் செலுத்தி, தட்டையான எலும்புக் கத்தியால் இறுக்குகிறார். மறுபடி கால் சுற்று. விரல் அகல நாடாவில் சிவப்பும் மஞ்சளுமாகச் சாய்சதுரங்கள் வளர்ந்துகொண்டே வந்தன. அப்பாவின் அப்பாவுக்குக் காஞ்சிபுரத்தில் தறி இருந்தது. "எத்தனை திருப்பு முன்னால, எத்தனை பின்னாலன்னு கேளு" என்று என்னை மொழிபெயர்க்க விட்டார். அவர் கேட்க, அந்தப் பெண் சொல்ல, முறுக்கு ஏறாமலிருக்க எப்போது எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும் என்ற விஷயத்தில் இருவரும் எனக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டார்கள். வரும்போது முழ நீள நாடா ஒன்றை அந்தம்மா அப்பாவிடமே கொடுத்துவிட்டார். காசு வாங்க மறுத்தார்.

மதியம் வெயில் ஏறியதும் நியூ ஐஸ்லாந்து பாரம்பரிய அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கினோம். பெரிய இடமில்லை. ஆனால் அப்பாவின் கேள்விக்குப் பதில் இங்கே இருந்தது.

வந்தவர்கள் ஆட்டிடையர்கள், மீனவர்கள், கூலி விவசாயிகள். 1875 மார்ச் 29 அன்று ஐஸ்லாந்தின் ஆஸ்க்யா எரிமலை வெடித்துக் கிழக்குப் பகுதி முழுக்கச் சாம்பல் கொட்டியது. மேய்ச்சல் நிலம் மூடிப்போக, மறு வருஷம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறி இங்கே வந்தார்கள். முதலில் வந்து வில்லோ பாயிண்டில் இறங்கியவர்கள் பெரும்பாலும் அதற்கு முன்பே ஐஸ்லாந்தை விட்டு, ஒன்டாரியோவில் கின்மவுண்ட் என்ற இடத்தில் ரயில் பாதை வேலையில் இருந்து, வேலை நின்றதும் நிலம் தேடி மேற்கே வந்தவர்கள். இந்த ஏரிக்கரையைக் கனடா அரசு அவர்களுக்கென்று ஒதுக்கியது. அதற்கு நியூ ஐஸ்லாந்து என்று பெயர். தலைநகரம் கிம்லி, நார்டிக் புராணத்தில் உலகம் அழிந்த பின் தப்பியவர்கள் வாழும் மாளிகையின் பெயர் அது. 1878-இல் தங்களுக்கென்று சட்டதிட்டங்களே எழுதிக்கொண்டார்கள். 1914 வரையிலான நாற்பது ஐம்பது வருஷத்தில் ஐஸ்லாந்திலிருந்து வட அமெரிக்காவுக்கு வந்தவர்கள் சுமார் பதினைந்தாயிரம் பேர். எழுபதாயிரம் பேர் இருந்த நாட்டுக்கு அது எவ்வளவு பெரிய வெளியேற்றம் என்று பாருங்கள்.

முதல் குளிர்காலம் கொடுமை. கொண்டுவந்த வலைகளின் கண் பெரிதாக இருந்து, ஏரி மீன் நிற்கவில்லை. உறைந்த ஏரியில் பனிக்கட்டிக்கு அடியில் வலை விரிக்கும் வித்தை அவர்களுக்குத் தெரியாது. அக்கம்பக்கத்துப் பழங்குடி மக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். பின்னால் அதற்கு ஜிக்கர் என்று ஒரு கருவி வந்தது. நீளப் பலகை, நடுவே நெம்புகோல், அதில் கயிறு. பனியில் துளை போட்டுப் பலகையை உள்ளே தள்ளிவிட்டு, கயிற்றை வெட்டி வெட்டி இழுத்தால் நெம்புகோல் பனியின் அடிப்புறத்தை உந்தி உந்திப் பலகை முன்னேறிப் போகும். மேலே ஒருவர் காதையும் கண்ணையும் வைத்து அது எங்கே போகிறதென்று பின்தொடர்வார். போதுமான தூரம் போனதும் இன்னொரு துளை. இப்போது இரண்டு துளைக்கும் நடுவே கயிறு இருக்கிறது. அதில் வலையைக் கட்டி இழுத்தால் ஆயிற்று. எளிமையான பொருள். கணவர் அதன் முன்னாலேயே நின்றுகொண்டு எங்களுக்குச் செய்து காட்டினார்.

இப்போது 1876. பைராய்த்தில் கொம்புக் கவசத்தோடு பாடிக்கொண்டிருந்த அந்த ஆகஸ்டுக்கு அடுத்த மாதம், இங்கே பெரியம்மை வந்தது. குடியேறிகளில் நூற்றுக்கும் மேல் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகளும் இளைஞர்களும். தெற்கே நெட்லி க்ரீக்கில் காவல் போட்டு, 1877 ஜூலை வரை யாரையும் வெளியே விடவில்லை. சுற்றியிருந்த பழங்குடிக் குடியிருப்புகளின் கதை இன்னும் மோசம். அதை நாளைக்கு எழுதுகிறேன், அந்த இடத்துக்குப் போகிறோம்.

காவல் நீங்கிய இரண்டே மாதத்தில், 1877 செப்டம்பரில், கனடாவின் கவர்னர் ஜெனரல் இந்த ஊருக்கு வந்தார். அவர் பெயர் டஃபரின் பிரபு.

"டஃபரினா? நம்ம வைஸ்ராய் டஃபரினா?"

அவரேதான். 1884 முதல் 1888 வரை இந்தியாவில் வைஸ்ராய். காங்கிரஸ் தொடங்கியதும் பர்மாவைச் சேர்த்துக்கொண்டதும் அவர் காலத்தில். அப்பாவுக்கு ஒரே உற்சாகம். "டஃபரின் அண்ட் ஆவான்னு பட்டம். ஆவா பர்மாவுல இருக்கிற ஊரு" என்று அருங்காட்சியக ஊழியருக்கே பாடம் எடுத்தார். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, டஃபரின் இளவயதிலேயே, 1856-இல், ஐஸ்லாந்துக்குப் போய்வந்தவர் என்று தன் பங்குக்குச் சேர்த்தார். டஃபரின் இங்கே குடிசை குடிசையாக நுழைந்து பார்த்திருக்கிறார். சுவரில் ஒன்றுமில்லை, தட்டுமுட்டுச் சாமான் இல்லை, ஆனால் இருபது முப்பது புத்தகம் இல்லாத குடிசையை நான் பார்க்கவில்லை என்று பேசியிருக்கிறார். அதே மாதத்தில் இவர்கள் சொந்தமாக அச்சு இயந்திரம் வைத்து ஃப்ராம்ஃபாரி என்ற பத்திரிகையையும் தொடங்கிவிட்டார்கள். பெரியம்மையில் பிள்ளைகளைப் புதைத்த வருஷத்தில் பத்திரிகை! வெளியே நிற்கும் பதினைந்து அடி ஆள் கையில் ஈட்டிக்குப் பதில் ஒரு புத்தகத்தைக் கொடுத்திருக்கலாம்.

மாலை டெர்கெசன் கடை. 1899-இலிருந்து ஒரே குடும்பம் நடத்தும் பலசரக்கு ஜவுளிக் கடை. உள்ளே மரத் தரை நடந்தால் முனகுகிறது. ஒரு பக்கம் ஐஸ்லாந்துக் கம்பளி ஸ்வெட்டர், ஒரு பக்கம் புத்தகம். ஸ்வெட்டர் விலையைப் பார்த்துவிட்டுப் புத்தகப் பக்கம் நகர்ந்துவிட்டேன்.

அப்புறம் வீனார்தெர்தா. இதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பிஸ்கட் மாதிரி மெல்லிய அடுக்குகளைத் தனித்தனியாகச் சுட்டு, உலர்ந்த பிளம்ஸைச் சர்க்கரையும் ஏலக்காயும் போட்டுக் கிளறிய விழுதை நடுநடுவே தடவி அடுக்குகிறார்கள். அடுக்கியதும் சாப்பிடக் கூடாது. சில நாள் மூடி வைத்தால் விழுதின் ஈரம் ஏறி அடுக்கு மெத்தென்று ஆகும். பிறகு விரல் போல் நீளவாக்கில் வெட்டுவார்கள். வெட்டுவாயில் கறுப்பும் வெளுப்பும் கோடு கோடாக. இந்தப் பண்டம் 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஐஸ்லாந்தில் மோஸ்தராக இருந்தபோது கப்பலேறி வந்தது. அங்கே காலப்போக்கில் ருபார்ப் ஜாம் தடவி வேறு வடிவம் எடுத்துவிட்டது. இங்கே அப்படியே நின்றுவிட்டது. நிற்காமல் என்ன செய்யும், அடுக்கு ஏழா குறைவா, மேலே ஐசிங் உண்டா கிடையாதா, ஏலக்காய் மாவிலா விழுதிலா என்று வீட்டுக்கு வீடு பகை வைத்திருக்கிறார்கள். தேவாலயக் கூடத்தில் விற்றுக்கொண்டிருந்த இரண்டு பாட்டிமார்களிடம் ஐசிங் பற்றி அப்பாவியாகக் கேட்டேன். ஒருவர் "வேண்டவே வேண்டாம்" என்றார். மற்றவர் பதில் சொல்லாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பெட்டியைத் திறந்ததும் வந்த ஏலக்காய் வாசனையில் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நாலு துண்டு வாங்கினோம், அங்கேயே தீர்ந்தது.

ஞாயிறு

காலையில் ரிவர்ட்டன். கிம்லிக்கு வடக்கே அரை மணிக்கும் கொஞ்சம் கூட. வழியில் ஆர்னெஸ் வருகிறது. ஆர்க்டிக் பயணி வில்ஹியால்முர் ஸ்டெஃபான்சன் 1879-இல் பிறந்த ஊர், நினைவுச் சின்னம் இருக்கிறது. இறங்கிப் பார்த்துவிட்டுக் கிளம்பினோம்.

நாங்கள் போனது ஜான் ராம்சே என்பவருக்காக. ரிவர்ட்டன் பக்கத்தில் ஏரிக்கரையில் சாண்டி பார் என்ற இடத்தில் ஒரு பழங்குடிக் குடியிருப்பு இருந்தது. ராம்சே அங்கே செல்வாக்கானவர்; நல்ல வேட்டைக்காரர். ஐஸ்லாந்துக்காரர்களுக்கு அரசு "ஒதுக்கிய" நிலம் இந்தப் பழங்குடியினரின் மரவீடுகளும் தோட்டங்களும் இருந்த நிலம். புதிதாக வந்தவர்கள் ஆற்றோரம் வீடு கட்ட வந்தபோது ராம்சே படகைக் கரையேற விடாமல் தள்ளினார். சண்டை வரப் பார்த்தது. வேறு வழியில்லாமல் பிறகு இருதரப்பும் பழகிக்கொண்டார்கள். வந்தவர்களுக்கு ராம்சே இறைச்சி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். கூடாரம் போடவும் குளிர்காலத்தைத் தாண்டவும் கற்றுக்கொடுத்திருக்கிறார். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பெரியம்மை சாண்டி பாருக்குள் நுழைந்தது. ராம்சேயின் மனைவி பெட்சியும் பிள்ளைகளில் சிலரும் இறந்தார்கள். ஊரில் மிஞ்சியவர்கள் கொஞ்சப் பேர்.

ராம்சே மனைவிக்கு வெள்ளைப் பளிங்கில் கல்லறைக் கல் வாங்கினார். தெற்கே வெகுதூரம் போய், சொந்தக் காசில் வாங்கிக் கொண்டுவந்து நட்டு, சுற்றி வேலி போட்டார். ஊரே போன பிறகு ஒரு மனிதன் செய்த காரியம் இது. அவரும் இறந்து பல வருஷம் கழித்து வேலி உளுத்து விழுந்தது. பக்கத்து கேய்சிர் பகுதியில் இருந்த த்ராஸ்தி விக்ஃபூசன் என்ற ஐஸ்லாந்து விவசாயியின் கனவில் ராம்சே வந்து, என் மனைவியின் கல்லறை வேலியைச் சரிசெய்து கொடு என்று கேட்டாராம். த்ராஸ்தி போய்ச் செய்துகொடுத்தார். கனவை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். வேலியும் வெள்ளைக் கல்லும் இருக்கின்றன.

அப்பா அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கொசு பிய்த்து எடுத்தது.

எனக்கு ஒரு குறை உண்டு. திருவிழாவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வைக்கிங் முகம். சட்டையில், கோப்பையில், குழந்தைகள் கன்னத்தில் வரைந்த வண்ணத்தில். ராம்சே பெயரை நான் பார்த்தது அருங்காட்சியகத்திலும் இந்தக் கரையிலும்தான். கிம்லியை நிஜமாகவே காப்பாற்றிய ஆட்களில் ஒருவர் அவர். கூட்டம் இருக்கும் இடத்தில் அவர் கதையைச் சொன்னால் விழா ஒன்றும் களை இழந்துவிடாது. வந்தவர்களின் துயரத்தைக் கேட்டுக் கண்கலங்கும் நாம், அவர்கள் வந்ததால் வந்த துயரத்தை அடுத்த பலகையில் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நானும்தான், எத்தனை வருஷமாக இந்த மாகாணத்தில் வீடு வாங்கி உட்கார்ந்திருக்கிறேன்.

மதியத்துக்கு மேல் கிம்லி துறைமுகம். இங்கேதான் இஸ்லெண்டிங்கடங்க் என்ற விளையாட்டு. தண்ணீருக்கு மேல் நீளமாக ஒரு கம்பம். இரண்டு பேர் எதிரெதிரே குதிரையில் உட்காருவதுபோல் உட்கார்ந்து, நனைந்து கனத்த தலையணைப் பையால் ஒருவரையொருவர் மொத்த வேண்டும். கையால் கம்பத்தைப் பிடிக்கக் கூடாது. விழுகிறவர் ஏரிக்குள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒல்லியாக ஒரு பெண், தன்னைப்போல் இரண்டு பங்கு இருந்த ஆட்களை வரிசையாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் உத்தி வேறொன்றுமில்லை. எதிராளி வீசும்வரை காத்திருந்து, வீச்சின் வேகத்தில் அவர் உடம்பு சாயும்போது இடுப்புக்குக் கீழே ஒரே தட்டு. கரைச் சுவரில் உட்கார்ந்திருந்த கூட்டம் அவள் பக்கம். கணவர் பெயர் கொடுக்கப் போனார். நல்லவேளை, வரிசை மூடிவிட்டது.

துறைமுகச் சுவர் நெடுக ஓவியங்கள். மீன்பிடி படகு, பழைய தெரு, கப்பல் என்று ஊர்க் கதை. அதற்குப் பக்கத்தில் பிக்கரல் மீன் வறுவல். இந்த ஏரியின் மீனைச் சாப்பிடாமல் கிம்லி போய்வந்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது. வெள்ளைச் சதை, முள் இல்லை, மாவு மெலிதாக. அப்பாவின் கட்சி மட்டும் ஸ்கீர். பாலைத் திரித்து வடித்த ஐஸ்லாந்துக்காரர்களின் பண்டம். நம்ம கட்டித் தயிரைத் துணியில் தொங்கவிட்டு வடித்த மாதிரிதான் இருக்கிறது. "உப்புப் போட்டு ஊறுகாய் குடுத்தா சோத்தோடயே சாப்பிடலாம்" என்றார்.

மழைத் தூறல் விழுந்ததால் கிம்லி கிளைடர் கண்காட்சியில் நுழைந்தோம். வைக்கிங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் ஊர்ப் பெயரை உலகத்துக்குச் சொன்னது இதுதான். 1983 ஜூலை 23. புதிதாக மெட்ரிக் அளவுக்கு மாறிய போயிங் 767. 22,300 கிலோ எரிபொருள் வேண்டிய இடத்தில் பவுண்டுக் கணக்கு நுழைந்து, பாதிக்கும் குறைவாக நிரப்பிவிட்டார்கள். 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீரத் தொடங்கி, இரண்டு எஞ்சினும் அடுத்தடுத்து நின்றன. விமானி ராபர்ட் பியர்சன் அதைக் கிளைடர் போல் மிதக்கவிட்டு, கைவிடப்பட்ட கிம்லி விமானப்படைத் தளத்தில் இறக்கினார். அன்றைக்கு அந்த ஓடுபாதையில் கார்ப் பந்தயக் குடும்பங்கள் முகாமிட்டிருந்தன. உள்ளே இருந்த 69 பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை. கீழே இருந்தவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

திங்கள்

பெரிய நாள் இதுதான். காலையில் ஊர்வலம். நடைபாதை ஓரத்தில் முந்தின இரவே நாற்காலி போட்டு இடம் பிடித்துவிட்டார்கள். பழைய டிராக்டர்கள், தீயணைப்பு வண்டி, குழல் வாத்தியக் குழு, சக்கரம் வைத்த வைக்கிங் கப்பல், அரசியல்வாதிகள். வண்டியிலிருந்து மிட்டாய் வீச, குழந்தைகள் பாய்கிறார்கள். அப்பா கைக்கு வந்த இரண்டைப் பக்கத்துச் சிறுமியிடம் கொடுத்துவிட்டு, அவளுடைய குடும்பத்தின் குளிர்பானத்துக்குச் சொந்தக்காரர் ஆனார்.

இந்த அமளிக்கு நடுவே திறந்த காரில் ஃப்யால்கோனா வந்தார். ஐஸ்லாந்து என்ற நாட்டையே மலைப் பெண்ணாக உருவகிப்பது அவர்கள் மரபு. 1924 முதல் இந்த விழாவில் ஆண்டுதோறும் ஒரு பெண்ணை அந்த இடத்தில் அமர்த்துகிறார்கள். அழகிப் போட்டி என்று நினைத்துவிடாதீர்கள். சமூகத்துக்காக வருஷக்கணக்கில் உழைத்த, பெரும்பாலும் வயதில் மூத்த பெண்மணிதான் ஃப்யால்கோனா. வெள்ளை அங்கி, பச்சை மேலாடையின் ஓரத்தில் வெண்மயிர்ப் பட்டை, தலையில் கிரீடம், பின்னால் வெள்ளை முக்காடு. இருபக்கமும் இரண்டு இளம்பெண்கள். கார் கடக்கும்போது பீர் கூடாரத்துக் கொம்புக்காரர்கள்கூடத் தொப்பியைக் கழற்றியதைப் பார்த்தேன்.

அவர் முதலில் போவது குடியேறியவர்களின் நினைவுக் கற்குவியலுக்கு. மலர்வளையம் வைத்தார். பிறகு பூங்கா மேடையில் பாரம்பரிய நிகழ்ச்சி. கனடாவின் நாட்டுப்பண், ஐஸ்லாந்தின் நாட்டுப்பண், பாடகர் குழு. ஐஸ்லாந்துக்கு ஒருவரும் கனடாவுக்கு ஒருவரும் வாழ்த்துரை வழங்குவது பழைய வழக்கம். வாழ்த்துரைகள் நீளம். எனக்கு முன்னால் இருந்த முதியவர் நிம்மதியாகத் தூங்கினார். நாட்டுப்பண்ணுக்கு மட்டும் யாரும் எழுப்பாமலே எழுந்து நின்று, மனப்பாடமாகப் பாடினார்.

ஃப்யால்கோனா கொஞ்சம் ஐஸ்லாந்து மொழியிலும் மீதி ஆங்கிலத்திலும் பேசினார். குரல் உயரவே இல்லை. வந்தவர்களைச் சொன்னார், வந்தவர்களுக்கு மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்களையும் சொன்னார். நேற்று எழுதிய என் குறையில் கொஞ்சத்தை இங்கே குறைத்துக்கொள்கிறேன். முழுக்க இல்லை.

மேடையின் நடு நாற்காலியில் அந்த அம்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது இந்தச் சமூகத்தின் இன்னொரு பக்கம் நினைவுக்கு வந்தது. மார்க்ரெட் பெனடிக்ட்சன் என்பவர், 1898 முதல் 1910 வரை, பக்கத்து செல்கர்க் ஊரிலிருந்தும் பிறகு வினிப்பெக்கிலிருந்தும் ஃப்ரேயா என்ற ஐஸ்லாந்து மொழிப் பெண்கள் பத்திரிகை நடத்தினார். பெண்ணுக்கு ஓட்டு வேண்டும் என்பது அதன் ஒரே பல்லவி. கனடாவிலேயே முதலாவதாக 1916 ஜனவரியில் மானிடோபா பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. இங்கிலீஷ்காரப் பெண்களின் போராட்டமாக மட்டும் அதைச் சொல்கிறவர்கள் இந்த ஐஸ்லாந்து மொழிப் பத்திரிகையை விட்டுவிடுகிறார்கள்.

"சரி, யாரும் வைக்கிங் இல்ல" என்றார் அப்பா, நாற்காலியை மடக்கிக்கொண்டே. "ஆனா அந்தச் சிலை இல்லாட்டி இத்தனை கூட்டம் வராதும்மா. வந்தாத்தானே உள்ள போயி பாப்பான்?" இருக்கலாம்.

கிளம்புமுன் வீனார்தெர்தா முழுசாக ஒன்று வாங்க மறுபடி தேவாலயக் கூடத்துக்குப் போனேன். ஐசிங் இல்லாதது காலி. திரும்பிக்கொண்ட பாட்டி இப்போது வெற்றிப் புன்னகையோடு ஐசிங் போட்டதை எடுத்துக் கொடுத்தார். 

வர நினைப்பவர்களுக்கு: ஆகஸ்ட் முதல் திங்களை ஒட்டிய வெள்ளி முதல் திங்கள் வரை. தங்குமிடம் வசந்தத்திலேயே பதிவு செய்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் வினிப்பெக்கிலிருந்து காலையில் வந்து இரவு திரும்பலாம். பூங்கா, கரை, துறைமுகம் எல்லாம் நடக்கும் தூரம், காரை ஊர் ஓரத்தில் விட்டுவிடலாம். ரிவர்ட்டன் பக்கம் போவதானால் கொசு மருந்து கட்டாயம். ஏரியில் இறங்குமுன் பாசி எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள், கோடையில் நீலப்பச்சைப் பாசி வருவதுண்டு. திங்கள் மாலை நாலு மணிக்கு மேல் எட்டாம் எண் சாலை நகராது. நாங்கள் ஆறு மணிக்குக் கிளம்பி, வினிப்பெக் வந்து சேர ஒன்பது ஆயிற்று. ஐசிங் போட்டதுதான் நன்றாக இருக்கிறது என்று கணவர் சொல்கிறார். அப்பா கட்சி மாறவில்லை.